மருந்துக்குச் சாகாத கொசுக்களும் புதிய கொசுவலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ 66 கோடி மலேரியாப் பாதிப்புகள் தவிர்க்கப்பட்டன என்றும், அவற்றில் 68 விழுக்காடு மருந்தூட்டிய கொசுவலைகளால் தவிர்க்கப்பட்டவை என்றும் 2015-இல் வெளியான விரிவான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்த வலைகளில் இருந்த மருந்து அதே கண்டத்தின் பெரும்பகுதியில் இன்று கொசுக்களைச் சரிவரக் கொல்வதில்லை. 2023-இல் மட்டும் உலகில் 26.3 கோடிப் பாதிப்புகளும் 5,97,000 இறப்புகளும் நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இறப்புகளில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தவை. வலைகளை மேம்படுத்த என்ன செய்யப்பட்டிருக்கிறது, அது எந்த அளவுக்குப் பலித்திருக்கிறது என்பது குறித்துப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

மருந்தூட்டிய வலைக்கும் சாதாரணக் கொசுவலைக்கும் என்ன வேறுபாடு?

சாதாரண வலை ஒரு தடுப்பு மட்டுமே. ஓர் ஓட்டை விழுந்தாலோ, தூங்குபவரின் கை வலையை ஒட்டிக் கிடந்தாலோ அதன் பயன் போய்விடும். மருந்தூட்டிய வலை தடுப்பதோடு பொறியாகவும் வேலை செய்கிறது. உள்ளே தூங்குபவரே அந்தப் பொறியின் இரை. அவருடைய மூச்சுக்காற்றையும் உடல் வாசனையையும் நாடி வரும் கொசு, வலையின் மேற்கூரையில் திரும்பத் திரும்ப மோதுகிறது. அந்தச் சில நொடித் தொடுகைகளில் மருந்து அதன் கால்களின் வழியே உடலுக்குள் இறங்குகிறது.

1980-களின் தொடக்கத்தில் புர்க்கினா ஃபாசோவின் சூமூசோ ஆய்வுக் களத்தில் இந்தக் கருத்து சோதிக்கப்பட்டது. அதன்பின் காம்பியா, கானா, கென்யா ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, சிறு குழந்தைகளின் மொத்த இறப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருப்பது தெரிந்தது. அக்காலத்தில் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை வலைகளை மருந்துக் கரைசலில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. ஊர் மக்கள் அதைத் தவறாமல் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியவில்லை. இழைக்குள்ளேயே மருந்தைக் கலந்தோ, இழையின் மேல் பிசினோடு சேர்த்துப் படியவைத்தோ ஆலையிலேயே தயாரிக்கப்படும் நீடித்த வலைகள் வந்த பிறகுதான் கோடிக்கணக்கில் விநியோகிக்க வழி பிறந்தது. இருபது முறை துவைத்தாலும், மூன்றாண்டுகள் பயன்படுத்தினாலும் மருந்து நிற்க வேண்டும் என்பது அவற்றுக்கு வகுக்கப்பட்ட அளவுகோல்.

வலைக்குள் தூங்காதவர்களுக்கும் இதனால் பயன் உண்டா?

உண்டு. மருந்துக்குச் சாகாமல் கொசு தாக்குப்பிடிக்கும் எதிர்ப்புத்திறன் ஏன் இவ்வளவு பெரிய கவலையாக இருக்கிறது என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் நுழைந்து, வளர்ந்து, அடுத்தவரைத் தொற்றும் நிலையை எட்டுவதற்குப் பத்து நாள்களுக்கு மேல் ஆகும். பெண் கொசு இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை குருதி தேடி வருவதால், நோயைப் பரப்பும் வயதை அடைவதற்குள் அது நான்கைந்து முறை மனிதரை நெருங்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்தூட்டிய வலையைத் தொட நேர்ந்தால், அந்த வயதுவரை பிழைக்கும் கொசுக்கள் மிகச் சொற்பமாகிவிடும். கென்யாவின் அசெம்போ பகுதியில் நடந்த ஆய்வில், வலையே இல்லாத வீடுகளும், வலையுள்ள வீடுகளிலிருந்து 300 மீட்டர் தொலைவுக்குள் இருந்தால், பாதுகாப்புப் பெற்றது கண்டறியப்பட்டது. கொசு சாகாமல் பறந்துபோனால் ஊருக்கே கிடைத்துவந்த இந்தப் பயன் முதலில் மறைகிறது. வலைக்குள் இருப்பவருக்கான தடுப்பு மட்டும் எஞ்சுகிறது.

வலைகளில் எந்த மருந்து இருந்தது? ஏன் ஒரே வகையை நம்பினார்கள்?

பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஆல்ஃபா சைபர்மெத்ரின் ஆகியவை பயன்பட்டன. மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செவ்வந்திக்கு உறவான பைரித்ரம் பூவில் இயற்கையாகக் கிடைக்கும் நஞ்சின் வேதியமைப்பைப் பின்பற்றி இவை உருவாக்கப்பட்டன. நம் வீடுகளில் எரியும் கொசுவத்திச் சுருளிலும், மின்செருகியில் பொருத்தும் திரவக் குப்பியிலும் இருப்பவை பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துகள்தாம். கொசுவை விரைவில் வீழ்த்தும், மனிதருக்கு நச்சுத்தன்மை குறைவு, விலையும் மலிவு என்ற மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைந்த வேறு மருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆகவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் எல்லா மருந்து வலைகளும் ஒரே குடும்பத்தையே நம்பியிருந்தன. அதே மருந்துகள் பருத்தி வயல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் தெளிக்கப்பட்டு, வடிந்து, கொசுப்புழுக்கள் வளரும் நீரில் கலந்துகொண்டிருந்தன. மலிவான மருந்து என்பதற்காக எடுத்த முடிவின் விலையைப் பிறகு கொடுக்க வேண்டியிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

கொசு எவ்வாறு மருந்தை எதிர்த்து நிற்கிறது?

ஒன்றல்ல, பல வழிகள் உண்டு; ஒரே கொசுவில் அவற்றில் பலவும் சேர்ந்திருக்கலாம்.

முதல் வழி, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்வது. பைரித்ராய்டு, கொசுவின் நரம்பணுக்களில் உள்ள சோடியம் வாய்க்கால் என்னும் புரதத்தில் பற்றிக்கொண்டு, அதை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, கொசு துவண்டு விழுகிறது. இந்தப் புரதத்தின் 1014-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று அமைந்துவிட்டால் மருந்தின் பிடி தளர்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் அந்த இடத்தில் ஃபீனைல்அலனின் வருவதும், கிழக்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் செரின் வருவதும் முதலில் அறியப்பட்ட மாற்றங்கள்.

இரண்டாம் வழி இதைவிட ஆபத்தானது. சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் பெரும்பாலான உயிர்களில் உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களைச் சிதைக்கும் வேலையைச் செய்கிறது. எதிர்ப்புத்திறன் பெற்ற அனோபிலிஸ் காம்பியே, அனோபிலிஸ் ஃபுனெஸ்டஸ் ஆகிய இனங்களின் கொசுக்கள் இவற்றில் சில நொதிகளைப் பன்மடங்கு அதிகமாகச் சுரக்கின்றன. மருந்து நரம்பை எட்டுமுன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது.

இவை தவிர, கால்களின் மேல்தோல் தடித்து மருந்து இறங்கும் வேகம் குறைவதும் உண்டு. கால்களிலும் உணர்கொம்புகளிலும் உள்ள ஒரு புரதம் பைரித்ராய்டைப் பற்றி முடக்கிவிடுகிறது என்பதை 2020-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வலையைத் தொடுவதே கால்கள்தாம் என்பதை நினைத்தால் இந்தக் கண்டுபிடிப்பு வியப்பளிக்காது.

ஓர் ஊரின் கொசுக்களுக்கு எதிர்ப்புத்திறன் இருப்பதை எப்படி அறிவது?

குறித்த அளவு மருந்து தோய்த்த வடிதாளை உள்ளே வைத்த குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் செத்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். 90-க்கும் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி.

அப்படியானால் பழைய வலைகளால் இனிப் பயனே இல்லையா?

அப்படிச் சொல்வது மிகை. பெனின், கேமரூன், இந்தியா, கென்யா, சூடான் ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2018-இல் முடிவுகள் வெளியான ஆய்வில், எதிர்ப்புத்திறன் உள்ள இடங்களிலும் வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாதுகாப்புத் தொடர்ந்து கிடைத்தது தெரியவந்தது. சாகாவிட்டாலும் கொசு தடுமாறுகிறது. வயது ஏற ஏறக் கொசுவின் எதிர்ப்புத்திறன் குறைவதும் உண்டு. ஆனால் அந்த ஆய்வை மேற்கோள் காட்டிப் பழைய வலையே போதும் என்று வாதிடுவது சரியல்ல. புதிய வலையையும் பழைய வலையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகள் இரண்டுக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளியைக் காட்டிவிட்டன.

பி.பி.ஓ. வலை என்பது என்ன?

பைரித்ராய்டோடு பி.பி.ஓ. என்ற சேர்மமும் கலந்த வலை. அதன் முழுப்பெயர் பைபரோனைல் பியூட்டாக்சைடு. வலைகளில் உள்ள அளவில் இது தானாகக் கொசுவைக் கொல்வதில்லை. மேலே சொன்ன பி450 நொதிகளை முடக்கிவைத்து, பைரித்ராய்டு சிதையாமல் நரம்பை எட்ட வழிவிடுகிறது. இதன் பிறப்பில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. பைரித்ரம் தெளிப்போடு நல்லெண்ணெயைக் கலந்தால் அதன் வீரியம் கூடுகிறது என்பது 1940-இல் கண்டறியப்பட்டது. எள்ளில் உள்ள செசமின் என்ற பொருளே அதற்குக் காரணம். பி.பி.ஓ.வின் மூலக்கூறிலும் செசமினில் உள்ள அதே வேதிக்கூறு அமைந்திருக்கிறது.

தான்சானியாவின் முலேபா மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வலை கொடுத்து ஒன்பது மாதம் கழித்துக் குழந்தைகளைச் சோதித்தபோது, சாதாரண மருந்து வலை பெற்ற ஊர்களில் 42 விழுக்காட்டினரிடமும், பி.பி.ஓ. வலை பெற்ற ஊர்களில் 29 விழுக்காட்டினரிடமும் ஒட்டுண்ணி இருந்தது. இதன் அடிப்படையில் 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை வழங்கியது. உகாண்டாவில் நாடு தழுவிய வலை விநியோகத்தோடு இணைத்து நடத்தப்பட்ட ஆய்வும் ஆறாவது மாதத்தில் 14-க்கு 11 விழுக்காடு என்ற நன்மையைக் காட்டியது.

குறைகளும் உண்டு. எதிர்ப்புத்திறன் நொதிகளால் வந்ததாயின் மட்டுமே இது முழுமையாகக் கைகொடுக்கும். பி.பி.ஓ. துவைக்கத் துவைக்க வலையிலிருந்து விரைவாகக் கழன்றுவிடுவதும் பெரிய சிக்கல்.

குளோர்ஃபெனாபிர் வலைகள் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

இந்த மருந்து நரம்பைத் தாக்குவதே இல்லை. உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கிறது. கொசு பறக்கவும் உயிர்வாழவும் வேண்டிய சக்தியை இழந்து சாகிறது. ஆகவே சோடியம் வாய்க்காலில் நேர்ந்த மாற்றத்தால் இதை எதிர்க்க முடியாது. இதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. குளோர்ஃபெனாபிர் உள்ளே போகும்போது அத்தனை கொடிய நஞ்சன்று. கொசுவின் பி450 நொதிகள் அதை உடைக்கும்போதுதான் அது நஞ்சாக மாறுகிறது. பைரித்ராய்டைச் சிதைப்பதற்காக எந்த நொதிகளைக் கொசு பெருக்கிக்கொண்டதோ, அதே நொதிக் குடும்பமே இங்கே அதற்கு எமனாகிறது.

பயிர்களிலும் கறையானுக்கு எதிராகவும் முன்பே பயன்பட்டுவந்த இம்மருந்தை ஆல்ஃபா சைபர்மெத்ரினுடன் சேர்த்து, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இன்டர்செப்டர் ஜி2 என்ற வலையைத் தயாரித்தது. தான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் 72 ஊர்களில் நான்கு வகை வலைகளை ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. இரண்டாண்டு முடிவில் ஒட்டுண்ணியுடன் இருந்த குழந்தைகளின் விகிதம் பைரித்ராய்டு மட்டுமே உள்ள வலைகளில் 45.8 விழுக்காடாகவும், பி.பி.ஓ. வலைகளில் 40.7 ஆகவும், குளோர்ஃபெனாபிர் வலைகளில் 25.6 ஆகவும் இருந்தது. அடுத்த ஆண்டில் பெனினிலிருந்து வந்த முடிவும் இதையே உறுதிசெய்தது: அங்கே பைரித்ராய்டு மட்டுமே உள்ள வலை பெற்ற ஊர்களில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1.03 முறை வந்த மலேரியா, குளோர்ஃபெனாபிர் வலை பெற்ற ஊர்களில் 0.56 முறையே வந்தது. வெவ்வேறு கொசுவினங்கள் வாழும் இரண்டு நாடுகளில் ஒரே திசையில் முடிவு வந்ததால், 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இவற்றுக்கு வலுவான பரிந்துரை வழங்கியது.

இவ்வளவு நல்ல மருந்தை முன்பே ஏன் வலையில் சேர்க்கவில்லை?

பாதுகாப்புச் சோதனைகள், தயாரிப்புச் சிக்கல்கள் ஆகியவற்றோடு, சோதிக்கும் முறையும் ஒரு காரணம். வலைகளைச் சோதிக்கும் வழக்கமான முறையில், வலைத்துண்டின் மேல் ஒரு கூம்பைக் கவிழ்த்து, அதற்குள் கொசுக்களை மூன்று நிமிடம் விட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று பார்ப்பார்கள். பைரித்ராய்டுக்கென்றே அமைந்த சோதனை இது. பகலில், ஓய்ந்திருக்கும் கொசுவுக்கு மூன்று நிமிடத் தொடுகையில் குளோர்ஃபெனாபிர் பெரிதாக ஒன்றும் செய்யாது. இரவில், பறந்து திரிந்து உடலின் வேதிவினைகள் முடுக்கத்தில் இருக்கும் கொசுவிலேயே அது விரைந்து நஞ்சாகிறது. சாவதற்கும் 72 மணி நேரம் வரை பிடிக்கலாம். கூம்புச் சோதனையில் தோற்ற வலை, பெனினின் கோவே போன்ற களங்களில் மனிதர்கள் இரவு தூங்கும் சோதனைக் குடிசைகளில் எதிர்ப்புத்திறன் மிக்க கொசுக்களைக் கொன்றது. அளவுகோல் தவறாக இருந்தால் நல்ல மருந்தும் கழிக்கப்பட்டுவிடும் என்பதால், இப்போது இத்தகைய வலைகளை, இரையை நாடிப் பறக்கும் கொசு வழியிலுள்ள வலைத்துண்டைக் கடந்தாக வேண்டிய, இரவு முழுதும் நடக்கும் சுரங்கச் சோதனையிலேயே மதிப்பிடுகிறார்கள்.

குளோர்ஃபெனாபிரையும் பி.பி.ஓ.வையும் ஒரே வலையில் சேர்த்தால் இன்னும் நல்லதல்லவா?

கூடாது. பி.பி.ஓ. முடக்குவது எந்த நொதிகளையோ, அவைதாம் குளோர்ஃபெனாபிரை நஞ்சாக்க வேண்டியவை. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

பைரிப்ராக்சிஃபென் வலைகள்?

இது பூச்சியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்து, வலையைத் தொட்டுத் தப்பிய பெண் கொசுவை மலடாக்குகிறது. கருத்து அழகானது, ஆனால் மிசுங்வியிலும் பெனினிலும் எதிர்பார்த்த அளவுக்கு நோய் குறையவில்லை.

புதிய வலைகள் மக்களைச் சென்றடைந்துள்ளனவா?

குளோபல் ஃபண்ட், யூனிட்எய்ட் ஆகிய இரண்டும் நிதியளித்த புதிய வலைகள் திட்டமும் அதற்கு இணையாக நடந்த முயற்சிகளும் சேர்ந்து 2019-க்கும் 2022-க்கும் இடையில் 17 ஆப்பிரிக்க நாடுகளில் 5.6 கோடி வலைகளைச் சேர்ப்பித்தன. தொடக்கத்தில் விலை உயர்வாக இருந்ததால், பெரும் எண்ணிக்கையில் வாங்குவதற்கு முன்கூட்டியே உறுதி தந்து விலையைக் குறைக்கச் செய்தார்கள். எனினும் விலை வேறுபாடு முழுதாக நீங்கவில்லை. குறித்த நிதிக்குள் அதிக வலைகளா, நல்ல வலைகளா என்ற இக்கட்டு ஒவ்வொரு நாட்டின் மலேரியாத் திட்ட அலுவலருக்கும் இருக்கிறது. கொசு சாகாத ஊரில் சாகடிக்காத வலையை இரட்டிப்பாகக் கொடுப்பது சிக்கனமாகாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

புதிய மருந்தையும் கொசுக்கள் வென்றுவிடாதா?

வெல்லலாம். இரண்டு மருந்துகள் ஒரே வலையில் இருந்தால், ஒன்றைத் தப்பிய கொசுவை மற்றது கொல்லும், அதனால் எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதமாகும் என்பது கோட்பாடு. ஆனால் அந்தக் கோட்பாடு இரண்டு மருந்துகளும் வேலை செய்யும்போதுதான் பொருந்தும். பைரித்ராய்டு முன்பே தோற்றுப்போன ஊரில் குளோர்ஃபெனாபிர் உண்மையில் தனியாளாகவே நிற்கிறது. அது வயல்களிலும் தெளிக்கப்படுகிறது என்பது கூடுதல் கவலை. ஒரே மருந்தை நம்பிய பழைய தவற்றை வேறு பெயரில் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் நியாயமானதே. வேறு வகை மருந்துகளைத் தேடும் பணி ஓயக்கூடாது.

பூச்சிக்கொல்லி அல்லாத வழிகள் ஏதேனும் ஆராயப்படுகின்றனவா?

கொசுவைக் கொல்லாமல் அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்வது அவற்றில் ஒன்று. மனிதருக்குக் கொடுக்கப்படும் அட்டோவாகோன் என்ற மலேரியா மருந்து பூசிய பரப்பில் சில நிமிடங்கள் அமர்ந்தாலே கொசுவுக்குள் ஒட்டுண்ணியின் வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். மனிதருக்கான மருந்தையே வலையில் பூசினால் ஒட்டுண்ணி அதற்கும் பழகிவிடும் என்பதால், மனிதருக்குப் பயன்படாத வேறு சேர்மங்களைத் தேடுகிறார்கள். கொசு பெரும்பாலும் வலையின் மேற்கூரையிலேயே மோதுகிறது என்பதைக் காணொளிப் பதிவுகள் காட்டியதால், கூரைக்கு மேலே செங்குத்தான கூடுதல் வலைத்தடுப்பு ஒன்றைப் பொருத்தும் முயற்சியும் நடந்திருக்கிறது.

வலை எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? எப்படிப் பேண வேண்டும்?

மூன்றாண்டு என்பது ஏட்டுக் கணக்கு. கட்டில் முனையில் சிக்கிக் கிழிவது, எலி கடிப்பது, அடுப்புப் பொறி பட்டுப் பொத்தல் விழுவது ஆகியவற்றால் பல வீடுகளில் இரண்டு ஆண்டுகளே பெரிய காரியம். மிசுங்வி ஆய்விலும் காலம் செல்லச் செல்ல வலைகளின் பயன்பாடு பெரிதும் குறைந்தது. மருந்தை மேம்படுத்தக் கொட்டிய உழைப்பில் ஒரு பங்கைத் துணியின் உறுதிக்கும் செலவிட்டிருக்கலாம். புதிய வலையை உறையிலிருந்து எடுத்து ஒரு நாள் நிழலில் காற்றாட விட்ட பிறகே கட்ட வேண்டும். துவைக்கும்போது மென்மையான சோப்பும் குளிர்ந்த நீரும் போதும். சலவைக்காரம் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது, வெயிலில் உலர்த்தக் கூடாது. துவைத்த நீரைக் குளத்திலோ ஆற்றிலோ கொட்டினால் மீன்கள் சாகும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இந்த வலைகள் தேவையா?

நிலைமை வேறு. சென்னையில் மலேரியாவைப் பரப்பிவந்த அனோபிலிஸ் ஸ்டீபன்சி, மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு. வலைக்குள் போகுமுன், மாலையிலேயே கடிக்கத் தொடங்கிவிடும். எனவே தொட்டியை மூடி வைப்பதே இங்கு முதன்மையான தற்காப்பு. 2016-இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்ற இலங்கையில், அதையடுத்து மன்னாரில் இதே கொசு கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் 2012-இல் ஜிபூட்டியில் முதன்முதலாகத் தென்பட்டு, 2016-இல் எத்தியோப்பியாவுக்கும் பரவிய இந்த ஆசியக் கொசுவை வலைகளால் மட்டும் கட்டுப்படுத்த முடியாது என்பதால், தண்ணீர்த் தொட்டிகளில் புழுக்களை அழிக்கும் வேலையை அங்குள்ள நகரங்களும் இப்போது தொடங்க வேண்டியிருக்கிறது.